முந்திரிகைத் தோட்டத்திலை சொன்ன வேண்டாம்

கண்டறியாத வைன்! அதைக் குடிக்கிறதுக்கு முதல் கிளாஸைப் பிடிச்சுச் சுத்தோணுமாம். சுத்தினாப் பிறகு மூக்கை உள்ளுக்கை விட்டு மணக்கோணுமாம். வெளிச்சத்துக்கு நேரை தூக்கிப் பாக்கோணுமாம். அதுக்குப் பிறகுதான் ஒரு வாய். அந்த ஒரு வாயையும் விழுங்காமல் வாய்க்குள்ளை உருட்டிக் கொப்பளிச்சு, பக்கத்திலை வைச்சிருக்கிற வாளிக்குள்ளை துப்போணும். துப்புறதுக்கெண்டு ஒரு மணித்தியாலத்துக்கு மேலை கார் ஓடிவந்த சனத்தை என்ரை அறுபத்தொரு வயசிலை அண்டைக்குத்தான் கண்டன்.

போன புரட்டாதியிலை ஒரு சனிக்கிழமைப் பின்னேரம். மொன்றியலிலை இருந்து பாலத்தைத் தாண்டி, சோளக்காட்டுக்கு நடுவாலை போற பெருந்தெருவிலை ஒண்டேகால் மணித்தியாலம். திராட்சை எண்டு புத்தகத்திலை எழுதுவினம், எங்கடை வாயிலை அது முந்திரிகை. அந்த முந்திரிகைத் தோட்டத்துக்கு எங்களைக் கூப்பிட்டது என்ரை மகள் கட்டப்போற பெடியனின்ரை தாயும் தேப்பனும். இஞ்சத்தைய வெள்ளைக்காரர், பிரெஞ்சு கதைக்கிற ஆக்கள். தாய் பள்ளிக்கூடத்திலை படிப்பிச்சு ஓய்வெடுத்தவ. தேப்பன் பல்லு டொக்ரர். அதுக்கு முதல் ரண்டு தரம் சாப்பாட்டுக் கடையிலை கண்டு சிரிச்சிருக்கிறம், அவ்வளவுதான். கலியாண விசயம் ஆறுதலா இருந்து கதைப்பம் எண்டு மகளிட்டைச் சொல்லி விட்டிருந்தினம்.

ஆறுதலாக் கதைக்கிறதெண்டா வீட்டுக்குக் கூப்பிடோணும். இல்லாட்டி எங்கடை வீட்டை வரோணும். சம்மந்தியள் கலியாணம் பேசுற இடம் சாராயம் வடிக்கிற தோட்டமோ? நான் இதை மகளிட்டையே கேட்டன்.

"அம்மா, அது சாராயமில்லை," எண்டாள்.

"பின்னை என்ன, கோயில் தீர்த்தமோ?" எண்டன். அவளுக்கு முப்பத்தொரு வயசு, நல்ல வேலை, நாலு பேரை மேய்க்கிறவள். என்னோடை மட்டும் வாய்க்கு வாய் நிக்கமாட்டாள். பேசாமல் போயிடுவாள்.

அண்டைக்கு எனக்கு வேண்டியிருந்தது ஒண்டே ஒண்டு. என்ரை பிள்ளைக்குத் தாலி கட்டி ஒரு கலியாணம். ஐயர் வந்து, ஓமம் வளத்து, மேளம் அடிக்க, கூறைச்சீலையோடை அவள் மணவறையிலை இருக்கிறதை நான் பாக்கோணும். அவையின்ரை திட்டம் வேறை. அடுத்த கோடையிலை அந்தத் தோட்டத்திலை கதிரை போட்டு, ஆரோ ஒரு அலுவலர் வந்து, இருவது நிமிசம் கடதாசி வாசிச்சு, கையெழுத்து வாங்கி, முடிஞ்சுது. மகள் அதுக்கு ஓமெண்டும் சொல்லேல்லை, இல்லையெண்டும் சொல்லேல்லை. "எனக்கு எது எண்டாலும் சரி" எண்டு ஒரு கதை. தாலியைப் பற்றி அவள் வாயே திறக்கேல்லை. இஞ்சை பிறந்து வளந்தவள், அவளுக்கு உதொண்டும் ஒரு பொருட்டில்லை எண்டுதான் நான் நினைச்சுக்கொண்டிருந்தன்.

சரி, நீ கேட்டிருக்கலாம்தானே எண்டு நீங்கள் கேப்பியள். எப்பிடிக் கேக்கிறது? பொம்பிளை வீட்டுக்காரர் வாய் திறந்து அப்பிடிச் செய்யுங்கோ, இப்பிடிச் செய்யுங்கோ எண்டு கேக்கிறதில்லை. மாப்பிளை வீட்டிலை இருந்து கதை வரோணும். அவை எடுக்கோணும், நாங்கள் பிடிச்சுக்கொண்டு போகோணும். அந்த வெள்ளைக்காரருக்கு உந்த முறை தெரியாதெண்டு எனக்கு வடிவாத் தெரியும். தெரிஞ்சும், அவை எடுக்கட்டும் எண்டு மாதக்கணக்காப் பாத்துக்கொண்டிருந்தன். விசர் எண்டு சொல்லுங்கோ, கோவிக்கமாட்டன்.

வெளிக்கிடுறதுக்கு முதல் குசினிக்குள்ளை வைச்சு என்ரை மனுசனைப் பிடிச்சன். "இஞ்சேருங்கோ, இண்டைக்கு நீங்கள் மெல்லமாக் கதையை எடுங்கோ."

"நான் என்னெண்டு எடுக்கிறது? நீர் எடும். உமக்குத்தானே பிரெஞ்சு வரும்."

அவர் புவாண்ட்-கிளேரிலை ஒரு வேர்ஹவுசிலை இங்கிலிசோடையே காலத்தை ஓட்டினவர். நான் சென்ட் லோரன்டிலை மருந்துப் பெட்டி அடைக்கிற பக்ரறியிலை இருவத்தாறு வருசம் நிண்டு, சுப்பர்வைசரிட்டை ஏச்சு வாங்கிப் பழகின பிரெஞ்சு. ஏச்சு வாங்கிறதுக்குப் போதும். கலியாணம் பேசுறதுக்குப் போதுமோ? அதைக் கேக்க, "எல்லாம் சரிவரும்" எண்டுபோட்டுச் சப்பாத்துத் துடைக்கப் போட்டார். ஆண்டாண்டு காலமா இந்த மனுசனுக்கு எல்லாம் சரிவரும். சரிவரப் பண்ணுறது ஆரெண்டுதான் அவருக்குத் தெரியாது.

வெறுங்கையோடை போகேலாது. விடிய நாலு மணிக்கு எழும்பி வடை சுட்டு, பயத்தம் பணியாரமும் செய்து, ஒரு சீப்பு வாழைப்பழமும் வைச்சுப் பெட்டி கட்டினன். புரட்டாதிச் சனி, எனக்கு விரதம். நான் அதுமட்டும் ஒரு பிளேன்ரீதான் குடிச்சிருந்தன். தோட்டத்து வாசலிலை ஒரு பலகை. வெளிச் சாப்பாடு கொண்டுவரக்கூடாதெண்டு கூடைப் படம் கீறி அதுக்குக் குறுக்காலை சிவப்புக் கோடு. மகள் பெட்டியை என்ரை கையிலை இருந்து வாங்கிக் காரின்ரை டிக்கிக்குள்ளை வைச்சுப் பூட்டினாள். ஒரு பெட்டி வடையாலை அவையின்ரை முந்திரிகைக்கு என்ன வருத்தம் வந்திடுமோ தெரியாது.

இடம் வடிவுதான், இல்லையெண்டு சொல்லேல்லை. சரிவான காணி, வரிசை வரிசையா முந்திரிகைக் கொடி, குருவி தின்னாமல் வலை போத்திருக்கு. வலை காணாதெண்டு, பருந்து கத்துற சத்தத்தைப் பதிஞ்சு ஒரு ஸ்பீக்கரிலை போட்டுக்கொண்டே இருக்கினம். மூண்டு நிமிசத்துக்கு ஒருக்காக் கீச்சுக் கீச்செண்டு. வானத்திலை ஒரு பருந்தும் இல்லை. ஸ்பீக்கருக்கு மேலை ஒரு குருவி ஆறுதலா இருந்து செட்டை கோதினது, அதை நான் என்ரை கண்ணாலை கண்டனான். சம்மந்தியம்மா என்ரை கையைப் பிடிச்சு, "எவ்வளவு அமைதியான இடம், இல்லையா?" எண்டு கேட்டா. நான் ஓமெண்டு தலையாட்டினன்.

மரப்பலகைத் தளத்திலை மேசை. சாய்வான கதிரையள். இருந்தா எழும்பேலாத மாதிரி ஆரோ வேணுமெண்டே செய்திருக்கினம். என்ரை சீலைக்கு அது தோதில்லை, நுனியிலை குந்திக்கொண்டிருந்தன். தாடி வைச்ச ஒரு பெடியன் போத்தலைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு வந்து விளக்கம் சொல்லத் தொடங்கினான். இந்த வைனிலை பேரிக்காய் மணம் வரும், நனைஞ்ச கல்லு மணம் வரும், கடைசியிலை கொஞ்சம் தோல் மணமும் வரும் எண்டான். சம்மந்தி ஐயா கண்ணை மூடிக்கொண்டு, ஓம் ஓம், கல்லு, கல்லு எண்டார். என்ரை மனுசன் ஒரு மிடறு குடிச்சுப்போட்டு என்னட்டைத் தமிழிலை மெல்லமாக் கேட்டார், "முந்திரிகைப்பழ மணம் ஒண்டும் வராதோ?" அந்தப் பின்னேரம் முழுக்க நான் உண்மையாச் சிரிச்சது அந்த ஒரு தரம்தான்.

நான் குடிக்கமாட்டன் எண்டதை மகள் முதலே சொல்லியிருந்தாள். எனக்கு முந்திரிகைச் சாறு வந்தது. அதையும் சுத்தி மணந்து பாக்கச் சொன்னான் அந்தத் தாடி. ஒரே இழுவையிலை குடிச்சு முடிச்சிட்டுக் கிளாஸைக் குடுத்தன். அவன்ரை முகம் போன போக்கு!

பேந்து ஒரு பெரிய பலகையிலை சீஸ், பாண், தேன், அத்திப்பழம், அவிச்ச பருப்புமாதிரி என்னவோ ஒண்டு. விரதக்காரிக்குத் தோதான சாமான்தான், சம்மந்தியம்மா இறைச்சி, மச்சத்தை வேறை தட்டிலை வைக்கச் சொல்லியிருந்தா. எனக்கு வயிறு கத்துது. அவ பலகையைத் தூக்கி என்ரை பக்கம் நீட்டினா.

"நோன், மெர்சி," எண்டன் நான்.

அவ சிரிச்சுக்கொண்டு பலகையை என்ரை மனுசனிட்டை நீட்டினா. அவரும் கையை நெஞ்சிலை வைச்சு, "நோ, நோ, தாங்க் யூ" எண்டார். பலகை நேரை மேசையின்ரை மற்றப் பக்கம் போட்டுது. சம்மந்தி ஐயா பெரிய துண்டா வெட்டித் தேனைப் பூசி வாய்க்குள்ளை வைச்சார். நாங்கள் ரண்டு பேரும் பாத்துக்கொண்டிருந்தம்.

எங்கடை ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஒரு வீட்டை போனா, ரீ குடிக்கிறியளோ எண்டு கேக்க, வேண்டாம் இப்பத்தான் குடிச்சனான் எண்டோணும். சும்மா கொஞ்சம் குடியுங்கோ எண்டுவினம். இல்லை, உங்களுக்கேன் கரைச்சல் எண்டோணும். என்ன கரைச்சல், தண்ணி கொதிக்குது எண்டுவினம். அப்பத்தான் சரி, அரைக் கோப்பை எண்டோணும். பேந்து முழுக் கோப்பை வரும், வடையும் வரும். முதல் தரமே ஓம் எண்டு சொன்னா அலைஞ்ச ஆக்கள் எண்ட பேர். ஒரு தரத்தோடை கேக்கிறதை நிப்பாட்டினா கஞ்சப் பிசினாறி எண்ட பேர். இது ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை, தாய்ப்பாலோடை வந்தது.

இந்த நாட்டிலை இது செல்லாது எண்டும் எனக்குத் தெரியும். தெரிய எனக்குப் பதினொரு வருசம் எடுத்தது. பக்ரறியிலை ஒருக்கால் சுப்பர்வைசர் வந்து, பெட்டியளைச் சரிபாக்கிற வேலை ஒண்டு இருக்கு, கதிரையிலை இருந்து செய்யலாம், உனக்கு விருப்பமோ எண்டு கேட்டவ. நான் "நோன், நோன், பரவாயில்லை" எண்டன். அவ அடுத்த நிமிசம் எனக்குப் பக்கத்திலை நிண்டவளைக் கேட்டா. அவள் உடனே ஓம் எண்டாள். பதினொரு வருசம் அவள் அந்தக் கதிரையிலை இருந்தாள். நான் அவளுக்கு முன்னாலை நிண்டு பெட்டி அடைச்சன். இடுப்பும் நாரியும் நோகேக்கை எல்லாம் அவளைத் திட்டுவன். அவள் என்ன பிழை செய்தவள்? ஒண்டுமில்லை. நான்தான் எடுப்புக்காரி.

அவ்வளவு பட்டும், சீஸ் பலகையைக் கண்டவுடனை வாய் தன்ரை பாட்டிலை வேண்டாம் எண்டிட்டுது. போகட்டும், சீஸ்தானே எண்டு விட்டன்.

பெடியன் எனக்கு நேரை இருந்தான். அவனைக் குறை சொல்ல எனக்கு ஒண்டும் அம்பிடுதில்லை, அதுதான் எனக்குக் கோவம். எங்கடை வீட்டை வந்தா சப்பாத்தைக் கழட்டி ஓரமா வைப்பான். கையாலை சோறு தின்னுவான். வணக்கம் அம்மா எண்டு ஒரு வளைஞ்ச தமிழிலை சொல்லுவான். அண்டைக்கு அவன் மகளைப் பாக்கிறான், மகள் அவனைப் பாக்கிறாள், ரண்டு பேரும் அவன்ரை தாயைப் பாக்கினம். என்னவோ நடக்கப்போகுது எண்டு எனக்கு மட்டுப்பட்டது.

சம்மந்தியம்மா கைப்பையைத் திறந்து ஒரு சின்னக் கொப்பி எடுத்தா. ரீச்சரெல்லே, எல்லாம் நம்பர் போட்டு எழுதியிருந்தா. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நான் விளங்கிக்கொள்ளோணும் எண்டு ஒவ்வொரு சொல்லா, உரக்கக் கேட்டா. "எங்களுக்கு ஒரு முக்கியமான கேள்வி இருக்கு. உங்கடை முறைப்படி, உங்கடை கோயிலிலை, ஒரு கலியாணச் சடங்கும் செய்ய உங்களுக்கு விருப்பமா? நாங்கள் எல்லாரும் வருவம். நாங்கள் என்ன உடுக்கோணும் எண்டாலும் உடுப்பம்."

ஐயோ, மாப்பிளை வீட்டிலை இருந்து கதை வந்திட்டுது! நான் ஒரு சொல்லும் சொல்லாமல், முறைப்படி, தன்ரை பாட்டிலை வந்திட்டுது. கண் கலங்கிட்டுது. சந்தோசத்திலை, என்ன சொல்லுறன் எண்டு யோசிக்காமல், நல்ல வளர்ப்பிலை வந்த ஒரு பொம்பிளை என்ன சொல்லோணுமோ அதைச் சொன்னன்.

"நோன், நோன், நோன். உங்களுக்கேன் கரைச்சல். வேண்டாம்."

சொல்லிப்போட்டுச் சிரிச்சுக்கொண்டு பாத்துக்கொண்டிருந்தன். இனி அவ சொல்லுவா, கரைச்சல் ஒண்டும் இல்லை எண்டு. நான் சொல்லுவன், இல்லையில்லை, உங்கடை ஆக்களுக்கு உதெல்லாம் பழக்கமில்லையே. அவ சொல்லுவா, எங்களுக்கு விருப்பம், கட்டாயம் செய்யோணும். அப்ப நான் மனுசனைப் பாத்து, என்னப்பா, இவ்வளவு கேக்கினம், சரி செய்வமே எண்டுவன். எனக்கு எல்லாம் ஆயத்தம். கண்ணீர்கூட ஆயத்தம்.

அந்த நேரம் பாத்து என்ரை மனுசன் வாயைத் திறந்தார். கலியாணக் கதைக்கு அதுமட்டும் திறக்காத வாய்! "நோ, நோ," எண்டு தலையை ஆட்டினார். "சிம்பிள் இஸ் பெஸ்ட்." மரியாதைக்கு எனக்குத் தாளம் போடுறாராம்.

சம்மந்தியம்மா ஒருக்கா மகளைப் பாத்தா. பிறகு என்ரை கைக்கு மேலை தன்ரை கையை வைச்சா. "நல்லது," எண்டா. "நாங்கள் உங்கடை முடிவை மதிக்கிறம்." பேனையை எடுத்துக் கொப்பியிலை அந்த வரிக்குக் குறுக்காலை ஒரு நேர்கோடு இழுத்தா. அடுத்த நம்பர், கதிரைக்கு வெள்ளைத் துணியோ, துணி இல்லாமலோ.

மதிக்கினமாம்! ஆர் கேட்டது உங்கடை மதிப்பை? வாசலுக்கு வந்த சாமியை வேண்டாம் எண்டு அனுப்பினவளை ஒருத்தி மதிக்கிறாவாம். ரண்டாந்தரம் கேட்டா வாய் தேஞ்சு போயிடுமோ? எவ்வளவு படிச்ச மனிசி, எத்தினை பிள்ளையளுக்குப் படிப்பிச்ச மனிசி, எதிரை இருக்கிறவளின்ரை கண்ணிலை தண்ணி நிக்கிறது தெரியேல்லையோ? தெரிஞ்சிருக்கும். வேண்டாம் எண்டதுக்குத்தான் அழுறாள் எண்டு நினைச்சிருப்பா. மேசைக்கு அந்தப் பக்கம் மகள் தன்ரை வைன் கிளாஸைச் சுத்திக்கொண்டே இருந்தாள். குடிக்கேல்லை.

பேந்து தோட்டம் காட்டக் கூட்டிக்கொண்டு போனவை. சரிவிலை, கொடி வரிசைக்கு நடுவிலை, நான் செருப்போடை இழுபட்டுப் போறன். சம்மந்தியம்மா இஞ்சை கதிரை வரும், அங்கை பூ வரும் எண்டு கையை நீட்டி நீட்டிக் காட்டுறா. அவவைத் திரும்பக் கேக்கப் பண்ணோணும், அது ஒண்டுதான் என்ரை மண்டைக்குள்ளை. வாய் விட்டுக் கேக்கிறதுக்கு மட்டும் வாய் வருதில்லை. சாடையாச் சொல்லிப் பாத்தன்.

"எங்கடை கோயில் பெரிய கோயில். ஐந்நூறு பேர் இருக்கலாம்."

"ஓ, எவ்வளவு அழகு! ஒரு நாளைக்கு எங்களுக்குச் சுத்திக் காட்டோணும் நீங்கள்."

சுத்திக் காட்டுறதாம். நானென்ன, பஸ்ஸிலை ஆள் ஏத்தி ஊர் காட்டுறவளோ? விடேல்லை, இன்னுமொருக்காச் சொன்னன். "எங்கடை கலியாணத்திலை நெருப்பு வளப்பினம். நெருப்புத்தான் சாட்சி."

சம்மந்தி ஐயா திரும்பிக் கவலையோடை சொன்னார், "இந்தத் தோட்டத்திலை நெருப்பு மூட்ட விடமாட்டினம். காய்ஞ்ச காலம், ஆபத்து."

ஸ்பீக்கரிலை பருந்து கத்திச்சுது. எங்கடை ஊரிலையும் முந்திரிகைப் பந்தல் இருந்தது, ஒருத்தரும் அதுக்குக் கீழை நிண்டு பெருமூச்சு விடேல்லை. நிழலுக்கு மாட்டைக் கட்டினம். இஞ்சை சனம் அந்தக் கொடிக்கு முன்னாலை நிண்டு கன்னத்தைக் கன்னத்தோடை வைச்சுப் படம் எடுக்குது. எனக்குக் கண்டதெல்லாம் கோவம். வலையிலை கோவம், கொடியிலை கோவம், பக்கத்திலை கையைப் பின்னாலை கட்டிக்கொண்டு, மண் நல்ல மண் எண்டு சொல்லிக்கொண்டு வாற என்ரை மனுசனிலை கொதி.

வெளிக்கிடேக்கை சம்மந்தி ஐயா ரண்டு போத்தலை மனுசனிட்டை நீட்டினார். அவர் நோ நோ எண்டார். சரியெண்டு சம்மந்தி ஐயா அதைத் தன்ரை காருக்குள்ளை வைச்சுப்போட்டுக் கதவைச் சாத்தினார். மனுசன்ரை முகத்தைப் பாக்க எனக்குக் கொஞ்சம் ஆறுதலாயிருந்தது. படட்டும்.

பெடியன் தாய் தேப்பனோடை போட்டான். நாங்கள் மூண்டு பேரும் மகளின்ரை காரிலை. அவர் முன்னுக்கு, நான் பின்னுக்கு. பெருந்தெருவுக்கு வந்திட்டம். எனக்கு மனுசனை நாலு கேள்வி கேக்கோணும் போலை இருந்தது. அதுக்கிடையிலை மகள் வாயைத் திறந்தாள்.

"அம்மா, ஏன் வேண்டாம் எண்டு சொன்னீங்கள்?"

"ஆரடி கேட்டவுடனை ஓம் எண்டு விழுவினம்? ரண்டாந்தரம் கேப்பா எண்டு நினைச்சன். மரியாதை தெரியாத சனம்."

"அவையைக் கேக்கச் சொன்னதே நான்தான்."

எனக்கு விளங்கேல்லை. "என்ன?"

"நான்தான் அம்மா. நான்தான் அவையிட்டை அழுது கேட்டனான், அம்மாவைக் கேளுங்கோ எண்டு. அவ எழுதிவைச்சு, பாடமாக்கிக்கொண்டு வந்தவ." குரல் ஒரு மாதிரி வந்தது. "நீங்கள் வேண்டாம் எண்டு சிரிச்சுக்கொண்டு சொல்லுறீங்கள். அவனைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போக உங்களுக்கு வெக்கம் எண்டு நினைச்சன்."

"விசர்க் கதை கதையாதை. எனக்கு வேணுமெண்டு உனக்குத் தெரியாதோ? நீ என்னட்டை நேரை கேட்டிருக்கலாமே!"

"எந்த முகத்தோடை கேக்கிறது?" எண்டாள். "அவனைப் பற்றிச் சொன்ன அண்டைக்கு நீங்கள் என்ன சொன்னீங்கள்? இனி உனக்கென்ன தாலியும் கோயிலும் எண்டீங்கள். அதுக்குப் பிறகு நான் என்னெண்டு வந்து, அம்மா எனக்குத் தாலி வேணும் எண்டு கேக்கிறது?"

மனுசன் திரும்பி என்னைப் பாத்தார். நான் அப்பிடிச் சொன்னனானோ? சொல்லியிருப்பன். அண்டைக்கு வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னனான். குசினியிலை நிண்டு கத்தினது ஞாபகம், கோப்பை ஒண்டு உடைஞ்சது ஞாபகம். என்ன கத்தினன் எண்டது எனக்கு மறந்து போச்சு. நான் மறந்த சொல்லை என்ரை பிள்ளை ரண்டு வருசமாக் கொண்டு திரிஞ்சிருக்கிறாள். ஒரு பின்னேரம் முழுக்க அந்தச் சனத்தைப் பாத்து, எதிரை இருக்கிறவளின்ரை கண்ணைப் பாக்கத் தெரியாத சனம் எண்டு திட்டிக்கொண்டிருந்த நான், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த என்ரை பிள்ளையின்ரை கண்ணைப் பாக்கேல்லை. சீ, நானும் ஒரு தாய்.

"பிள்ளை," எண்டன். "உனக்கு வேணுமோ?"

"இல்லை அம்மா. அது முடிஞ்சுது. பரவாயில்லை."

அது என்ரை வாயிலை வாற சொல்லு. இஞ்சத்தைய பள்ளிக்கூடத்திலை படிச்சு, கனவும் பிரெஞ்சிலை காணுறவள், இவளிட்டை எங்கடை ஒண்டும் ஒட்டேல்லை எண்டு நான் ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சனான்.

"பரவாயில்லை எண்டதை விடு. வேணுமோ எண்டு கேக்கிறன்."

"உங்களுக்கேன் அம்மா கரைச்சல். விடுங்கோ."

காரை ஓரங்கட்டடி எண்டன். அவள் பெற்றோல் செற் ஒண்டுக்குள்ளை திருப்பி, காத்தடிக்கிற மெசினுக்குப் பக்கத்திலை நிப்பாட்டினாள். ஸ்ரியறிங்கை ரண்டு கையாலையும் பிடிச்சபடி நேரை பாத்துக்கொண்டிருந்தாள். மனுசன் என்னவோ சொல்ல வாயெடுத்தார். "நீங்கள் வாயைத் திறந்தீங்களெண்டா இதிலையே இறக்கி விட்டிடுவன்," எண்டன். அவர் வாயை மூடினார்.

நான் பின் சீற்றிலை இருந்து எட்டி அவளின்ரை தோளைப் பிடிச்சன். மூண்டாந்தரம் கேட்டன். "உனக்குத் தாலி வேணுமோ, அம்மா?"

அவள் ஸ்ரியறிங்கை விட்டிட்டு என்ரை கையைப் பிடிச்சாள். பேந்து, "ஓம்," எண்டாள். "வேணும்." சொல்லிப்போட்டு, சின்னனிலை அழுத மாதிரி மூக்கைச் சீறிச் சீறி அழுதாள். நானும் அழுதன். முன்னுக்கு இருந்தவரும் அழுதார், ஆனா வாயைத் திறக்கேல்லை.

"அந்த மனிசிக்குப் போனை அடி," எண்டன். "நான் கதைக்கப் போறன்."

"என்ன சொல்லப் போறீங்கள், அம்மா?"

"கேக்கப் போறன்," எண்டன். "அவ வேண்டாம் எண்டாலும் விடமாட்டன். ஓம் எண்டும்வரை கேப்பன்."